இரண்டாவது நாய் எடுக்கும் முன் முதலாவது நாயிடமும் கேளுங்கள்

வாசகர் கேள்வி – பதில்

போன இதழில், தனியாக வளரும் நாய்களைப் பற்றிப் போகிற போக்கில் இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: "எங்கள் நாய்க்கு ஒரு துணை எடுக்கலாமா?" அதனால் இந்த இதழை முழுக்க அதற்கே விட்டுவிட்டேன். நான் மிருக வைத்தியர் இல்லை. முப்பது வருடத்துக்கு மேலாக வீட்டில் நாய் இல்லாமல் இருந்ததில்லை, அவ்வளவுதான். ஊசி, மருந்து, சத்திரசிகிச்சை என்று வரும்போது உங்கள் பகுதி அரச மிருக வைத்தியர் சொல்வதைத்தான் கேட்க வேண்டும்.

கேள்வி: வணக்கம் அக்கா. எங்கள் ஜிம்மிக்கு நாலு வயது, கடுவன், ஊர்நாய்தான். நானும் கணவரும் காலை ஏழரைக்கு வேலைக்குப் போனால் வர ஐந்து மணியாகும், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் முடிந்து ரியூசன். நாங்கள் கேற்றைப் பூட்டிக்கொண்டு போனதும் ஊளையிடுகிறானாம், கதவைப் பிறாண்டி வைத்திருக்கிறான், செருப்பு ஒன்றும் மிச்சமில்லை. இன்னொரு நாய் இருந்தால் அமைதியாகிவிடுவானா?
– கோண்டாவில் வாசகி

பதில்: தங்கச்சி, அவன் யாரைத் தேடுகிறான் என்று முதலில் பாருங்கள். ஆளைத் தேடுகிறானா, இல்லை பொழுது போகாமல் இருக்கிறானா? இரண்டும் வெளியில் ஒரே மாதிரித்தான் தெரியும், ஆனால் மருந்து வேறு.

கண்டுபிடிப்பது சுலபம். ஒரு சனிக்கிழமை எல்லாரும் போய், மாமியோ பிள்ளைகளில் ஒருவரோ மட்டும் உள்ளே இருக்கட்டும். அவர் ஜிம்மியோடு விளையாடத் தேவையில்லை, குசினியில் தன் பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தால் போதும். அவன் விறாந்தையில் படுத்து நித்திரை கொண்டால், அவனுக்குத் தேவை மனிதர்தான். இப்படிப்பட்ட நாய்க்கு இன்னொரு நாயைக் கொண்டுவந்தால் பெரும்பாலும் ஊளை நிற்காது, புதியதும் பழையதைப் பார்த்துச் சேர்ந்து ஊளையிடப் பழகும், பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இரண்டு பங்கு தொல்லை. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் இதேதான் நடந்தது, கடைசியில் இரண்டாவது நாயைக் கேட்பாரில்லாமல் வேறொருவரிடம் தள்ளிவிட்டார்கள். அது எனக்கு இன்றைக்கும் கவலை, ஏனென்றால் அந்த நாய் செய்த பிழை ஒன்றுமில்லை.

அப்படியென்றால் செய்ய வேண்டியது வேறு. காலையில் போகுமுன் அரை மணித்தியாலமாவது ஒழுங்கையில் நடக்கக் கூட்டிக்கொண்டு போங்கள், களைத்த நாய் படுக்கும். காலைச் சாப்பாட்டைத் தட்டில் ஒரேயடியாகக் கொட்டாமல் மாமரத்தடி, கிணற்றடி, கோடிப்புறம் என்று நாலைந்து இடத்தில் பிடி பிடியாக ஒளித்து வையுங்கள், மோந்து தேடித் தின்னவே நேரம் போய்விடும். சாவியை எடுப்பது, செருப்பைப் போடுவது, சைக்கிளை வெளியே எடுப்பது இவையெல்லாம் அவனுக்குப் பயத்தைத் தொடக்கிவிடுகிற அடையாளங்கள். லீவு நாட்களில் சும்மா சாவியை எடுத்துவிட்டுத் திரும்ப வந்து கதிரையில் இருங்கள். ஒரு நிமிடம் வெளியே போய் வாருங்கள், பிறகு மூன்று, பிறகு பத்து. பதறத் தொடங்குமுன் திரும்பி வந்துவிட வேண்டும், கணக்கு அதுதான். வாரக்கணக்கில் எடுக்கும், பொறுமை வேண்டும்.

மாறாக, மாமி உள்ளே இருந்தும் அவன் ஓடியோடி வேலிக்குப் பக்கத்தில் நின்று அடுத்த வீட்டு நாயைக் கூப்பிடுகிறான், அது வந்தால் முன்னங்காலைத் தாழ்த்திப் பின்பக்கத்தைத் தூக்கி வாலை ஆட்டுகிறான் என்றால் அவனுக்கு ஒரு தோழமை நல்லதுதான். அப்போதும் உடனே எடுக்காதீர்கள். தெரிந்தவர்களின் நாய் ஒன்றை, ஊசி எல்லாம் போட்ட, குணம் தெரிந்த நாயை, ஒரு பகல் முழுக்கக் கொண்டுவந்து வைத்துப் பாருங்கள். கேற்றுக்கு உள்ளும் வெளியும் நின்று குரைப்பதை வைத்து ஒன்றையும் தீர்மானிக்க முடியாது. கம்பிக்கு அந்தப் பக்கம் புலியாக நிற்கிற நாய்கள் பல, கம்பி இல்லாவிட்டால் மோந்துவிட்டுப் பேசாமல் போய்விடும்.

கேள்வி: எங்களிடம் மூன்று வயது அல்சேஷன் பெட்டை இருக்கிறது. வளவு பெரிது, மதிலும் கட்டியிருக்கிறோம். காவலுக்கும் அவளுக்குத் துணைக்குமாக இன்னொன்று வாங்க நினைக்கிறோம். கடுவனா, பெட்டையா? சாதி நாய்தான் வேண்டும் என்கிறார் மகன். அவளுக்கு இன்னும் கருத்தடை செய்யவில்லை.
– சாவகச்சேரி வாசகர்

பதில்: ஐயா, பெட்டைக்குக் கடுவன், கடுவனுக்குப் பெட்டை. வேறு ஒன்றும் தெரியாவிட்டாலும் இதை மட்டும் பிடித்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை வராது. ஒரே வீட்டில் இரண்டு பெட்டைகள் கடிபடத் தொடங்கினால் அதைத் தீர்ப்பதுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். கடுவன்கள் பெரும்பாலும் சத்தம் போட்டு, முறைத்து, ஒன்று விலகிவிடும். பெட்டைகள் அப்படி விடுவது குறைவு, மனதில் வைத்திருந்து திரும்பவும் திரும்பவும் போகும். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் இரண்டு பெட்டைகள், இரண்டு வருடம் ஒரே சாக்கில் படுத்தவை, ஒன்று பருவத்துக்கு வந்த வாரத்தில் கடிபட்டன. அதற்குப் பிறகு சாகும்வரை ஒன்று முன்வளவிலும் மற்றது பின்வளவிலும்தான். ஒத்துப்போகிற பெட்டைகளும் இருக்கின்றன, ஆனால் எந்த இரண்டு ஒத்துப்போகும் என்று வாங்கும்போது யாருக்கும் தெரியாது.

கடுவன் எடுக்கிறீர்கள் என்றால் கருத்தடை செய்யாமல் எடுக்காதீர்கள். பெட்டை வருடத்தில் ஏறக்குறைய இரண்டு முறை பருவத்துக்கு வரும், ஒவ்வொரு முறையும் மூன்று கிழமை அளவில் நீடிக்கும், அந்த நேரத்தில் கூட்டில் அடைத்தாலும் அறையில் பூட்டினாலும் ஒரு நொடி கவனம் தப்பினால் போதும். பிறகு 63 நாளில் ஏழு எட்டுக் குட்டி. கடுவன் குட்டிகளை ஆட்கள் கேட்டு வாங்குவார்கள். பெட்டைக் குட்டிகளை? சந்தையடியிலும் வைரவர் கோயில் வாசலிலும் உரப்பைக்குள் கிடந்து கத்துகிறவை அநேகமாகப் பெட்டைக் குட்டிகள்தான், கண்கூட விழிக்காதவை. வைரவருக்கு வாகனம் என்று கும்பிட்டுவிட்டு அதே வாசலில் கொண்டுபோய் விடுகிறோம். எனக்கு இதைப் பார்த்தால் அன்றைக்குச் சோறு இறங்காது. ஆகவே உங்கள் பெட்டைக்கு முதலில் சத்திரசிகிச்சை, அது முடிந்து தேறிய பிறகு இரண்டாவது நாய். செய்யாமல் விட்டால் வயது போகப் போகக் கருப்பையில் சீழ் பிடிக்கிற ஆபத்தும் இருக்கிறது. கடுவனுக்கும் செய்துவிடுங்கள், ஆனால் செய்த அன்றே அவனை நம்ப வேண்டாம், சில கிழமைகளுக்கு அவனால் இன்னும் குட்டி உண்டாக்க முடியும்.

சாதி நாய் பற்றி. மகன் கேட்கிறார் என்பது விளங்குகிறது, ஆனால் துணைக்கு எடுக்கும்போது சாதியைவிட அளவும் ஓட்டமும் பொருந்த வேண்டும். அல்சேஷன் ஓடி விளையாடுகிற பெரிய நாய். அதற்குப் பக்கத்தில் ஒரு பொமரேனியனை விட்டால், கோபமே இல்லாமல் விளையாட்டாக ஒரு தட்டுத் தட்டினாலே சின்னதின் முதுகு போய்விடும். இன்னொன்று, இரண்டும் சடைநாய் என்றால் சித்திரை வைகாசி வெயிலில் இரண்டையும் பார்த்துக்கொள்ள உங்களால் முடியுமா? நல்ல வளர்த்தியான ஊர்நாய்க் கடுவன் ஒன்று அவளுக்குச் சோடியாக ஓடும், வெயிலும் தாங்கும், உண்ணியும் அந்தக் குட்டை மயிரில் சட்டென்று கண்ணில் படும். உண்ணிக் காய்ச்சல் எத்தனை நாய்களை இங்கே கொண்டுபோகிறது என்று நாய் வளர்க்கிற எவருக்கும் தெரியும்.

காவலுக்கு என்று எழுதியதால் இதையும் சொல்ல வேண்டும். தனியாக இருக்கும்போது கேற்றடியில் நின்று குரைக்கிற நாய், இரண்டானதும் துணிச்சல் வந்து தெருவில் இறங்கித் துரத்தும். பின்னேரம் ரியூசனுக்குப் போகிற பிள்ளைகள் சைக்கிளில் இருந்து விழுந்து பல்லு உடைந்த கதை எத்தனை கேட்டிருக்கிறேன். கேற்றுக்குக் கீழே இடைவெளி இருந்தால் நாய் வாங்கப் போகும் முன் அதை அடையுங்கள்.

கேள்வி: எங்கள் ரைகருக்குப் பதினொரு வயது. ஒரு கண் மங்கல், எழும்பும்போது பின்கால் நடுங்கும். அவன் போய்விட்டால் அப்பா தாங்கமாட்டார், அதனால் இப்போதே ஒரு குட்டி எடுத்தால் ரைகருக்கும் உற்சாகம் வரும், அப்பாவுக்கும் பிறகு ஆறுதலாக இருக்கும் என்று தம்பி கனடாவிலிருந்து சொல்கிறான். எடுக்கலாமா?
– வேலணை வாசகி

பதில்: அம்மா, உங்கள் தம்பியின் மனம் நல்லது. ஆனால் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன். இதே பிழையை நானே செய்தேன், அதனால் சொல்கிறேன்.

எங்கள் மணிக்குப் பன்னிரண்டு வயதாகும்போது ஒரு குட்டி கொண்டுவந்தேன். குட்டி என்ன செய்யும்? காதைப் பிடித்து இழுக்கும், வாலில் தொங்கும், படுத்திருக்கிறவன் மேலே ஏறி விழும். மணிக்கு மூட்டு வலி இருந்தது எனக்குச் சரியாகத் தெரியாது, அவன் உறுமியபோது நான் அவனைத்தான் பேசினேன். "வயது போய்க் குணம் கெட்டுப்போச்சு" என்று சொல்லியிருக்கிறேன். இரண்டு மாதத்துக்குப் பிறகு மிருக வைத்தியர் தொட்டுப் பார்த்துவிட்டு, இந்த இடுப்பில் ஒரு குட்டி விழுந்தால் உயிர் போகிற மாதிரி வலிக்கும் என்றார். அதுக்குப் பிறகு மணிக்கு அறைக்குள் தனி இடம் கொடுத்தேன், குட்டி வர முடியாதபடி பலகை அடித்து. ஆனால் அந்த இரண்டு மாதத்தை அவனுக்கு என்னால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

ரைகரின் கால் நடுங்குவதை முதலில் வைத்தியரிடம் காட்டுங்கள், வலிக்கு மருந்து இருக்கிறது. மனிதருக்குக் கொடுக்கிற வலிமாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள், பரசிற்றமோலும் ஐபுபுறூபனும் நாய்க்கு நஞ்சாகலாம். அப்பாவுக்கு ஒரு துணை கட்டாயம் வேண்டும் என்றால், குட்டியை விட்டுவிட்டு ஆறு ஏழு வயதான, துள்ளல் அடங்கிய ஒரு நாயை யோசியுங்கள். அதுவும் ரைகர் மோந்து பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்தால் போதும், நட்பை எதிர்பார்க்காதீர்கள். கிழவனுக்கு அமைதிதான் பெரிய சொத்து. அவன் படுக்கிற இடம், அவன் தண்ணீர்ச் சட்டி, அப்பாவின் சாய்மனைக் கதிரைக்குப் பக்கத்து இடம், இந்த மூன்றும் கடைசிவரை அவனுக்கு மட்டும்.

கேள்வி: எங்கள் பக்கத்து வீட்டார் மகளிடம் கனடாவுக்கு நிரந்தரமாகப் போகிறார்கள். அவர்களுடைய ஐந்து வயது நாயை எங்களை எடுக்கச் சொல்கிறார்கள். எங்களிடம் இரண்டு வயதில் ஒரு பெட்டை. வளர்ந்த நாய் புது வீட்டில் ஒட்டுமா? குட்டியாக எடுத்தால்தானே பழகும் என்கிறார் மனைவி.
– பருத்தித்துறை வாசகர்

பதில்: எடுங்கள் தம்பி. முடிந்தால் எடுங்கள்.

1995 ஒக்டோபர் 30 இரவு யுத்தத்தால் வலிகாமத்தை விட்டுச் சனமெல்லாம் வெளிக்கிட்டபோது எங்கள் நாயின் சங்கிலியைக் கழற்றிவிட்டுத்தான் வந்தோம். நாவற்குழிப் பாலத்துக்குக் கிட்ட மட்டும் அந்தச் சனத்துக்குள்ளும் மழைக்குள்ளும் பின்னாலேயே வந்தது, பிறகு காணவில்லை. அன்றைக்கு வேறு வழி இருக்கவில்லை. இப்போது விமானத்தில் போகிற வீடுகளின் வாசலில் பூட்டின கேற்றைப் பார்த்துக்கொண்டு நாய்கள் படுத்திருப்பதைக் காணும்போது அந்த நினைவுதான் வருகிறது. உங்கள் பக்கத்து வீட்டார் போகுமுன் கேட்டிருக்கிறார்களே, அது பெரிய விஷயம்.

மனைவி சொல்வதில் ஒரு பங்கு சரி. நாய்க்குட்டி மூன்றாம் கிழமையிலிருந்து பன்னிரண்டு பதின்மூன்றாம் கிழமை வரைக்கும்தான் உலகத்தைப் பயமில்லாமல் ஏற்றுக்கொள்கிற காலம், அதற்குள் எதையெல்லாம் பார்த்துப் பழகியதோ அது பிறகும் சுலபம். ஆனால் குட்டி பெரிதாகி எப்படி வரும் என்று யாருக்கும் தெரியாது. ஐந்து வயது நாயின் குணம் கையில் இருக்கிறது, கேட்டால் சொல்லிவிடுவார்கள். ஆகவே கேளுங்கள்: மற்ற நாய் கிட்ட வந்தால் என்ன செய்யும், சாப்பிடும்போது யாரும் கிட்டப் போகலாமா, யாரையாவது கடித்ததா, கோழியைத் துரத்துமா, திருவிழா வெடிக்கு எங்கே ஓடி ஒளியும். ஊசி அட்டையைக் கையோடு வாங்குங்கள். நகர சபையிலோ பிரதேச சபையிலோ பதிவையும் உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். நாய்ப் பதிவுச் சட்டம் இந்த நாட்டில் 1901ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது, பலர் செய்வதில்லை என்பது வேறு கதை.

அவர்கள் போகுமுன்னே பழக்கத்தைத் தொடங்குங்கள், போன பிறகு இல்லை. அவன் படுக்கிற சாக்கை உங்கள் பெட்டை படுக்கிற இடத்தில் இரண்டு நாள் போடுங்கள், அவளுடையதை அங்கே அனுப்புங்கள். நாய்க்கு முகத்தைவிட மணம்தான் பெயர். பிறகு சந்திப்பு. உங்கள் வளவுக்குள்ளே வேண்டாம், அது அவளுடைய ஆட்சி. இரண்டுக்கும் சொந்தமில்லாத இடமாக, வெயில் தாழ்ந்த பிறகு கடற்கரைப் பக்கமோ ஆளில்லாத பனங்காணிப் பாதையோ பாருங்கள். ஆளுக்கொரு நாயாகப் பிடித்து, முப்பது அடி இடைவெளியில் ஒரே திசையில் நடவுங்கள். நேருக்கு நேர் கொண்டுபோய் மூக்கை முட்ட விடாதீர்கள், நாய்க்கு அது சண்டைக்கு அழைப்பது மாதிரி. கயிற்றை இறுக்கிப் பிடித்தாலும் உங்கள் பதற்றம் கயிறு வழியாக இறங்கும், தளர விடுங்கள். நடந்து நடந்து இடைவெளி குறையட்டும். ஒன்றின் பின்பக்கத்தை மற்றது மோந்து, மூன்று நொடியில் விலகி, தரையை மோந்தால் நல்ல சகுனம். உடம்பு விறைத்து, வாய் மூடி, வால் கம்பு மாதிரி நிமிர்ந்து, கண் வெட்டாமல் பார்த்தால் பேசாமல் திரும்பி நடந்துவிடுங்கள், இழுத்துப் பிடித்துச் சத்தம் போட வேண்டாம். நாலைந்து நாள் இப்படி நடந்த பிறகு, இரண்டும் ஒன்றாக நடந்து வந்த களைப்போடு ஒன்றாகவே கேற்றுக்குள் நுழையட்டும்.

முதல் கிழமை அவன் சாப்பிடாமல் பழைய வீட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். பக்கத்து வீடு என்பதால் அது கூடுதலாகவே இருக்கும். மதிலால் பாய்ந்து அங்கே போய்ப் படுத்தாலும் அடிக்காதீர்கள். போய்க் கூட்டிக்கொண்டு வாருங்கள், திரும்பத் திரும்ப.

கேள்வி: அக்கா, நான் கேட்காமலே எடுத்துவிட்டேன். சந்தையடியில் மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு குட்டி, இரண்டு மாதம் இருக்கும், விட்டுவிட்டு வர மனம் வரவில்லை. வீட்டில் ஐந்து வயதுக் கடுவன் சீசர். முதல் நாளே உறுமினான். நேற்றுச் சாப்பாட்டுத் தட்டில் குட்டி வாய் வைத்ததும் பாய்ந்துவிட்டான், குட்டி கத்தியது, நான் இடையில் கையை விட்டுக் கீறல் பட்டுவிட்டது. சீசருக்கு நல்ல அடி போட்டேன். குட்டியைத் திரும்ப விடுவதா என்று யோசிக்கிறேன்.
– உரும்பிராய் வாசகி

பதில்: முதலில் உங்கள் கை. அந்தக் கீறலைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவினீர்களா? எப்படியிருந்தாலும் இன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள். தெருவிலிருந்து வந்த, ஊசி போடாத குட்டி. விசர்நாய்க்கடிக் கிருமி குட்டியிடமும் இருக்கலாம், குட்டி கீறினாலும் எச்சில் பட்டாலும் சின்ன விஷயம் என்று விடக்கூடாது. அறிகுறி தொடங்கிவிட்டால் அந்த நோயிலிருந்து ஆளைக் காப்பாற்ற முடிவதில்லை. அரச வைத்தியசாலையில் ஊசி இலவசம். சீசருக்கு இந்த வருடத்து ஊசி போட்டாயிற்றா என்றும் பாருங்கள். இதைப் போய்ச் செய்துவிட்டு வந்து மிச்சத்தை வாசியுங்கள்.

சரி. இப்போது குட்டி. திரும்ப விடாதீர்கள், ஆனால் சீசரிடமிருந்து இரண்டு கிழமைக்கு முழுதாகப் பிரியுங்கள். வேறு அறை, வேறு சட்டி, குட்டியைத் தொட்ட கையைக் கழுவாமல் சீசரைத் தொடாதீர்கள். இது சண்டைக்காக இல்லை, பார்வோவுக்காக, குட்டிகளைக் கொல்லுகிற தொற்று வயிற்றோட்ட நோய் அது. நான் ஒருமுறை ஒருவரிடம் ஒரு குட்டி வாங்கினேன், ஊசி போட்டது என்று சொன்னார், நானும் அட்டையைக் கேட்கவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டை விட்டது, வாந்தி, பிறகு இரத்தமாக வயிற்றோட்டம், அந்த மணத்தை ஒருமுறை மோந்தவர் மறக்கமாட்டார். ஆறாம் நாள் செத்துப்போனது. பார்வோக் கிருமி மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், சாதாரணச் சவர்க்காரத்துக்கு அசையாது, குளோரின் கரைத்துத்தான் கழுவ வேண்டும். ஆகவே குட்டியை நாளைக்கே வைத்தியரிடம் காட்டி, பூச்சிமருந்தும் கொடுத்து, ஊசியைத் தொடங்குங்கள். ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் முதலாவது, பிறகு மூன்று நாலு கிழமைக்கு ஒருமுறை பதினாறு கிழமை ஆகும்வரை. ஒன்றோடு நிறுத்தினால் பயனில்லை. தெள்ளும் உண்ணியும் பார்த்து எடுங்கள், மழையில் கிடந்த குட்டியில் நிறைய இருக்கும்.

இந்த இரண்டு கிழமையும் வீண் போகாது. கதவுக்கு இரண்டு பக்கமும் இருந்து இரண்டும் மணத்தால் பழகும்.

அடுத்தது சீசர் உறுமியது. அவனை அடித்தது பிழை தங்கச்சி. கோபிக்காதீர்கள், எல்லாரும் செய்கிறதுதான், ஆனால் பிழை. உறுமல் என்பது அவன் வாய்விட்டுச் சொல்வது: "கிட்ட வராதே, எனக்குப் பிடிக்கவில்லை." அதற்கு அடி விழுந்தால் அடுத்த முறை சொல்லமாட்டான், நேரே கடிப்பான். குட்டி வந்தால் அடி விழுகிறது என்றும் மனதில் பதியும், பிறகு குட்டியைக் கண்டாலே வெறுப்பு. தலைகீழாகச் செய்யுங்கள். குட்டி கண்ணில் படும்போதெல்லாம் சீசருக்கு ஒரு துண்டு மீன், ஒரு பிஸ்கற், ஒரு தடவல். குட்டி போனதும் அதுவும் நிற்கட்டும். குட்டி வந்தால் நல்லது வருகிறது என்று அவன் தானாக விளங்கிக்கொள்வான்.

வளர்ந்த நாய் குட்டிக்குச் சின்னதாக உறுமுவதும், காற்றில் ஒரு கடி கடிப்பதும், மூக்கால் அமத்துவதும் பாடம் நடத்துவது, விடுங்கள். குட்டி ஒரு கத்தலோடு விலகி, சீசரும் அதோடு விட்டால் சரி. விலகிய குட்டியைத் துரத்திப் போனால், அல்லது தூக்கி உதறினால், அது பாடம் இல்லை. அப்போது ஆள் இல்லாமல் இரண்டையும் ஒன்றாக விடவே கூடாது.

சாப்பாடு. இருவருக்கும் ஒரே நேரம், வேறு வேறு இடம், நடுவில் ஒரு கதவு. சீசருக்கு முதலில் வையுங்கள். தின்று முடிந்ததும் தட்டு இரண்டையும் எடுத்துவிடுங்கள், வெறும் தட்டுக்கும் கடிபடுகிற நாய்கள் இருக்கின்றன. மீன் வெட்டுகிற நேரம் இரண்டும் குசினி வாசலில் நிற்குமே, அதுதான் மிகவும் ஆபத்தான நேரம், ஒரு சூடை மீன் தலை கீழே விழுந்தால் போதும். வெட்டும்போது ஒன்றைக் கட்டிவிடுங்கள். சாப்பாட்டைவிடச் சண்டைக்குப் பெரிய காரணம் நீங்கள்தான் என்பதையும் யோசியுங்கள். வேலையால் வந்ததும் குட்டியைத் தூக்கிக் கொஞ்சினால் சீசர் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பான். முதலில் அவனைக் கூப்பிடுங்கள்.

இனிமேல் கடிபட்டால் இடையில் கையை விடாதீர்கள், கழுத்துப்பட்டியைப் பிடிக்கப் போனால் உங்களைத்தான் கடிக்கும், தெரிந்து கடிப்பதில்லை. ஒரு வாளித் தண்ணீரை முகத்தில் ஊற்றுங்கள், தகரத்தில் தட்டுங்கள், கதிரையோ பலகையோ நடுவில் தள்ளுங்கள். பெரிய நாய்கள் இரண்டு பிடித்துக்கொண்டால், இரண்டு பேர் ஆளுக்கொன்றின் பின்னங்கால்களைத் தூக்கிப் பின்னால் இழுத்தால் விடும், ஒருவராகச் செய்யப் போகாதீர்கள்.

இரண்டு மூன்று மாதம் கொடுங்கள். சீசர் தன் பாட்டில் படுத்திருக்க, குட்டி அவன் முதுகில் சாய்ந்து நித்திரை கொள்கிற ஒரு மத்தியானம் வரும். வராமலும் போகலாம், அப்போது ஊசியெல்லாம் போட்டுப் பழக்கிய அந்தக் குட்டிக்கு நல்ல வீடு தேடுவது கஷ்டமில்லை, நானே இந்தப் பக்கத்தில் போட்டுத் தருகிறேன்.

கேள்வி: நண்பரின் நாய் குட்டி போட்டிருக்கிறது. அண்ணன் தம்பியாக இரண்டை ஒன்றாக எடுத்தால் ஒன்றுக்கொன்று துணையாகிவிடும்தானே?
– நல்லூர் வாசகர்

பதில்: கேட்க நல்லாகத்தான் இருக்கும். ஆனால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு உங்களைக் கவனிக்காமல் வளர்ந்துவிடும். கூப்பிட்டால் வராது, ஒன்றை வைத்தியரிடம் கொண்டுபோனால் மற்றது கத்திச் சாகும், வளர்ந்த பிறகு இரண்டு கடுவனும் கடிபடவும் கூடும். தனித்தனியாக நடத்தி, தனித்தனியாகப் படுக்கவைத்து, தனித்தனியாகப் பழக்க உங்களுக்கு நேரம் இருந்தால் செய்யலாம், அது இரண்டு மடங்கு வேலை. என் விருப்பத்தைக் கேட்டால், இப்போது ஒன்று. அதுவும் எட்டுக் கிழமைக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். அவன் ஒன்றரை இரண்டு வயதாகி, கூப்பிட்டால் வருகிறவனாக, கேற்றைத் திறந்தால் பாயாதவனாக வந்த பிறகு மற்றது. இரண்டாவது நாய்க்கு உங்களைவிட முதலாவது நாய்தான் வாத்தியார், நல்லதையும் கெட்டதையும் அதனிடம்தான் பழகும்.

கேள்வி: இரண்டு நாய் என்றால் சாப்பாட்டுச் செலவு? வீட்டில் மிஞ்சுகிற சோறு கறி போதுமா?
– அச்சுவேலி வாசகி

பதில்: மிஞ்சுவதை நம்பி இரண்டாவது எடுக்காதீர்கள், கூடவே ஒரு சுண்டு அரிசி போட வேண்டிவரும். சோற்றோடு முள் எடுத்த மீன், முட்டை, அவித்த பூசணி நல்லது. கறியைக் கலக்காதீர்கள், ஏனென்றால் எங்கள் கறி முழுக்க வெங்காயம். வெங்காயமும் உள்ளியும் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும், சமைத்தாலும் அந்த நஞ்சு போகாது. உங்கள் பக்கம் வெங்காயத் தோட்டமும் முந்திரிகை (திராட்சை)ப் பந்தலும் இருக்கிற ஊர் என்பதால் இதையும் கேளுங்கள்: முந்திரிகைப்பழம் நாயின் சிறுநீரகத்தைப் பாதிக்கும், எத்தனை பழம் தின்றால் ஆபத்து என்று சொல்லவே முடியாது. தனி நாய் பந்தலுக்குக் கீழே படுத்துக் கிடக்கும், இரண்டானால் போட்டிக்கு விழுந்த பழத்தைப் பொறுக்கும். வேலி அடையுங்கள். சமைத்த கோழி எலும்பும் வேண்டாம், குடலில் குத்தும்.

கேள்வி: புதுக் குட்டிக்கு ரொமி என்று பெயர் வைக்கலாமா? பெரியவன் பெயர் ஜிம்மி.
– மானிப்பாய், ஆறாம் வகுப்பு வாசகன்

பதில்: வேண்டாம் தம்பி, இரண்டும் "மி" என்று முடிகிறது. நீர் ஒருவனைக் கூப்பிட இரண்டு பேரும் வந்து நிற்பார்கள், கொஞ்ச நாளில் ஒருவனும் வரமாட்டான். ராஜா, கறுப்பன், வீரா மாதிரி "ஆ" என்றோ "ன்" என்றோ முடிகிற பெயராகப் பாரும். வைத்த பிறகு எனக்கு எழுதும்.